கையாடியின் காறை எலும்பு

பிறந்ததிலிருந்தே காது கேட்காத அந்தப் பெண்ணுக்குக் கையாடி என்று பெயர் வைத்தவர் அவளுடைய அப்பா. "வாயாடின்னு திட்ட வழியில்ல. இவ பேசுற பேச்சுக்கு வேற என்னன்னு கூப்பிடுறது?" என்பார். விரல், மணிக்கட்டு, தோள், புருவம் எல்லாம் சேர்ந்துதான் அவள் பேசுவாள். கோபத்தில் பேசும்போது எதிரே நிற்பவர் இரண்டடி தள்ளி நிற்பது உடம்புக்கு நல்லது.

கேக் கடை முதலாளியம்மா அவளை வேலைக்கு எடுத்த அன்று இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, "கையாடின்னு பேரு இருந்தா கல்லாப் பக்கம் விட முடியாதே" என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள். கையாடல் என்றால் என்னவென்று அவளுக்கா தெரியாது? விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று கேக் மேசைக்குப் போனவள்தான். பதினான்கு வருடமாகக் கிரீம் பூக்களும் பிறந்தநாள் பெயர்களும் அவள் கையால்தான்.

கணவன் பேருந்து ஓட்டுநர். அவனுக்குக் காது நன்றாகவே கேட்கும், வாய்தான் திறக்காது. "எங்க வீட்டுல நான் செவிடு, அவரு ஊமை" என்று அவளே ஊரெல்லாம் சொல்லித் திரிவாள்.

ஒரு மழைக்காலக் காலையில் கடைக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். தண்ணீர் நிரம்பிய பள்ளம் ஒன்று சாலையோடு சாலையாகக் கிடந்தது. முன்சக்கரம் அதில் இறங்க, அவள் கைப்பிடிக்கு மேலாகப் பறந்து நடைபாதை விளிம்பில் வலது தோள் மோத விழுந்தாள். கழுத்துக்குக் கீழே ஏதோ முறிந்தது. சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை, பல்லில் தெரிந்தது.

காறை எலும்பு நடுவில் முறிந்து, ஒரு துண்டின் மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்திருந்தது. அவசரப் பிரிவு டாக்டர் கையைத் துணிப்பட்டையில் தொங்கவிட்டு, "பல பேருக்கு இது தானாவே கூடிடும். உங்களுக்கு ரொம்ப விலகியிருக்கு, எலும்பு டாக்டரைப் பாத்துடுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

எலும்பு டாக்டரைப் பார்க்க நான்கு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நான்கு நாளும் கையாடி இடது கையால் பேசிப் பார்த்தாள். மழலை போல இருந்தது அவளுக்கே. தோள் கொஞ்சம் அசைந்தாலும் உயிர் போனது. தலையணை கேட்டால் கணவன் குடையைக் கொண்டுவந்தான். குடையைப் பார்த்து அவள் அழுதாள். அவன் குடையைப் பிடித்தபடியே நின்றான், அதை எங்கே வைப்பதென்றும் அவனுக்குத் தெரியவில்லை.

எலும்பு டாக்டர் குள்ளமான ஒரு பெண். எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே ஐந்து நிமிடம் பேசினாள். கணவன் அதைக் கைமொழியில் சுருக்கினான்: "எலும்பு. கம்பி. பரவால்ல."

"அஞ்சு நிமிஷம் வாய் அசைஞ்சுது. மூணே வார்த்தையா?" என்று கையாடி இடது கையால் சீறினாள்.

டாக்டருக்கு அவள் சொன்னது புரியவில்லை, கோபம் மட்டும் புரிந்தது. நாற்காலியை இழுத்து நேர் எதிரே போட்டுக்கொண்டு, அவளைப் பார்த்தே உதடு தெரிய நிதானமாகக் கேட்டாள். "நீங்க பேசுறதே இந்தக் கையாலதானா?"

கையாடி தலையாட்டினாள்.

டாக்டர் ஒரு தாளில் எலும்பை வரைந்தாள். தொண்டைக்குழிப் பக்கம் நகத்தளவு ஒரு கோடு போட்டாள். "பெருசா கிழிக்க மாட்டேன். இங்க சின்னதா ஒரு வெட்டு. வளையிற கம்பி ஒண்ணை எலும்புக்குள்ள விட்டு அந்தப் பக்கம் வரைக்கும் தள்ளுவேன். பைஜாமாவுல நாடா கோப்பாங்கல்ல, அப்படி. முறிஞ்ச இடத்தை எக்ஸ்ரே திரையில பாத்துக்கிட்டே கோப்பேன். சேரலைன்னா மட்டும் அங்கயும் ஒரு சின்ன வெட்டு. மறுநாளே இடுப்பு உயரத்துல கையை வெச்சுப் பேசலாம். தோளுக்கு மேல மட்டும் தூக்கக் கூடாது."

நாடா கோர்ப்பது கையாடிக்குப் பிடித்துப்போனது. ஆனாலும் ஒரு பயம் இருந்தது. அதைக் கணவனிடம் சொல்லாமல், தாளை வாங்கி இடது கையால் கோணல்மாணலாக எழுதினாள்: "எல்லாரும் முகமூடி போட்டிருப்பீங்க. உதடு தெரியாது. கண்ணையும் மூடிட்டா எனக்கு ஒண்ணுமே இல்ல."

டாக்டர் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு கணவனைப் பார்த்து, "வேலை முடிஞ்சுது, நல்லா இருக்குன்னு கையால எப்படிச் சொல்றது? கத்துக் குடுங்க" என்றாள். பேருந்துக்காரன் வெட்கத்தோடு செய்து காட்டினான். அவளும் செய்து பார்த்தாள்.

அறுவை அறையில் மயக்க மருந்துக்காரர், டாக்டர் சொல்லியிருந்தபடி, முகமூடியை ஒரு கணம் கீழே இழுத்துச் சிரித்துக் காட்டினார். அவளுடைய இடது உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சூடுதான் அவளுக்குக் கடைசியாகத் தெரிந்தது.

கண் விழித்தபோது கட்டில் ஓரத்தில் டாக்டர் நின்றுகொண்டிருந்தாள். மிகுந்த சிரத்தையோடு, பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல, கைகளை உயர்த்தி ஒன்று சொன்னாள்.

"கழுதை நல்லா இருக்கு."

'வேலை' என்பதற்கு விரலை மடக்க வேண்டிய இடத்தில் நீட்டிவிட்டாள், அவ்வளவுதான். கையாடிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் தோள் வலித்தது. வலித்தும் நிற்கவில்லை. டாக்டர் பதறிப்போய், "வலிக்குதா? என்ன ஆச்சு?" என்று கணவனைக் கேட்க, அவன் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தான்.

எலும்பு ஒரே வெட்டிலேயே சேர்ந்துவிட்டிருந்தது. மறுநாள் காலை கட்டிலில் சாய்ந்தபடி, வலது கையை வயிற்றோடு வைத்துக்கொண்டு, அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். விழுந்தது, பல்லில் தெரிந்த முறிவு, குடை எல்லாம் வந்தது. காலைச் சாப்பாட்டுத் தட்டு வந்து, ஆறி, திரும்பிப் போகும்வரை பேசினாள். கணவன் நடுவில் ஒருமுறை மட்டும், "மெல்ல, மெல்ல" என்றான். அவன் கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தாள், பார்க்காததுபோலப் பேச்சைத் தொடர்ந்தாள்.

ஏழாவது வாரம் கேக் மேசைக்குத் திரும்பினாள். முதல் நாள் ரோஜா எல்லாம் முட்டைக்கோசு மாதிரி வந்தது. முதலாளியம்மா அவற்றைத் தானே வழித்துத் தின்றாள். பத்து நாளில் பழைய கை வந்துவிட்டது.

ஒன்பது மாதம் கழித்துக் கம்பியை எடுத்தார்கள். கேட்டு வாங்கிக்கொண்டாள். "கழுவி வெச்சா கேக்கு வெந்துச்சான்னு குத்திப் பாக்கலாம்" என்றாள். கணவன் அதைப் பிடுங்கிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினான்.

அன்றைக்கே டாக்டர் ஒரு கோரிக்கை வைத்தாள். "எங்க வார்டுல எல்லாருக்கும் ஒரு இருபது வார்த்தை கத்துக் குடுங்களேன். நான் பண்ண கூத்து இன்னொருத்தருக்கு வேண்டாம்."

இப்போது வாரத்துக்கு ஒரு நாள், மதியம் மூன்று மணிக்கு, அந்த மருத்துவமனையின் சாப்பாட்டுக்கூடத்தில் கையாடி வகுப்பு எடுக்கிறாள். வலி, தண்ணீர், பயம், எங்கே, யாராவது கூட இருக்கிறார்களா என்று வரிசையாகப் போகிறது பாடம். மயக்க மருந்துக்காரர்தான் வகுப்பிலேயே மக்கு. தரை துடைக்கும் அம்மாள் எல்லோரையும் மிஞ்சிவிட்டாள். போன வாரம் அவளும் கையாடியும் எதிரெதிரே உட்கார்ந்து முதலாளிகளைப் பற்றி அரை மணி நேரம் வம்பளந்தார்கள். பக்கத்து மேசைக்காரர்கள் ஒரு வார்த்தை விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.