யார் கூட்டி வந்தது என்று கேட்டவள்

சரளா போய்விட்டாள் என்று எங்கள் குமாஸ்தா ஓடிவந்து சொன்னபோது, நான் தேன்கனிக்கோட்டை நீதிமன்ற வாசலில் நின்றிருந்தேன். மாரடைப்பாம். கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் கேட்டார்: "மேடம், இனிமே அவங்க கேஸெல்லாம் யாரு பாப்பாங்க?" கறுப்பு அங்கியோடு எதிரே நிற்பவள் நான். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது.

இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் ஓசூர் வழக்கறிஞர்களே, உங்களிடம் ஒளிப்பானேன்? பதினாறு வருடம் ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் இருந்தோம். வருகிறவர்கள் என் மேசையைத் தாண்டி அவளிடம் போவார்கள். கன்னடத்தில் பேசினால் கன்னடத்தில், தெலுங்கில் பேசினால் தெலுங்கில் பதில் சொல்வாள். எனக்கும் அவை தெரியும். ஆனால் என்னிடம் யாரும் அழுததில்லை.

ரூனாவின் வழக்கு முதலில் என்னிடம்தான் வந்தது. கம்பெனியில் தையல் வேலை என்று ஆசை காட்டி வங்கதேசத்திலிருந்து கூட்டி வந்து, கெலமங்கலம் பக்கம் ஒரு வீட்டில் பூட்டி வைத்திருந்தார்கள். தப்பி வந்தவளை, பாஸ்போர்ட் இல்லை என்று சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். மொழிபெயர்க்க ஆள் வைத்து, எல்லையை எப்படித் தாண்டினாள் என்று துருவித் துருவிக் கேட்டு ஜாமீன் மனு எழுதினேன். ஆவணமின்றி வந்ததை ஒப்புக்கொள்கிறாள், ஏழை, கருணை காட்டவும் என்று ஆரம்பித்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

சரளா படித்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினாள். "எப்டி வந்தன்னு கேட்டா அவ குத்தவாளிடி. யாரு கூட்டியாந்தாங்கன்னு கேளு, அப்பதான் அவ பாதிக்கப்பட்டவ."

மறுநாள் சிறைக்குப் போய், ரூனாவைக் கூட்டி வந்த தரகனின் பெயரோடு திரும்பினாள். புது மனு அந்தப் பெயரிலிருந்தே தொடங்கியது. கடத்தப்பட்டவளைக் குற்றவாளியாக நடத்தக் கூடாது என்பதை நீதிபதி ஏற்று, ரூனாவைக் காப்பகத்துக்கு மாற்றினார். மனுவில் என் கையெழுத்து. நீங்களெல்லாம் என்னைப் பாராட்டினீர்கள். சரளாவும் சேர்ந்து கைதட்டியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்து, ஊருக்கு அனுப்பி வைப்பதுதானே என்றேன். சரளா ரூனாவின் எதிரே உட்கார்ந்து விளக்கினாள்: ஊருக்குப் போகலாம், இங்கே இருந்து சாட்சி சொல்லலாம், போனால் ஆபத்து என்றால் இங்கேயே தங்க அனுமதி கேட்கலாம். அந்தத் தரகன் தன் தெருக்காரன் என்று அப்போதுதான் ரூனா வாய் திறந்தாள். என்னிடம் சொல்லாததை அவளிடம் சொன்னாள். சாட்சி முடியும்வரை அனுப்பக் கூடாது என்ற உத்தரவைச் சரளா வாங்கினாள். நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்ட மனு இன்னும் விசாரணையில் இருக்கிறது.

சரளாவின் காரியம் முடிந்த மறுநாள் ரூனா அறைக்கு வந்தாள். காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள். இனி அவள் வழக்கை நான் நடத்த வக்காலத்தை நீட்டினேன். பேனாவை எடுத்தவள், கையெழுத்துப் போடாமல், இங்கே கற்ற தமிழில் கேட்டாள்: "சரளாக்கா மாதிரி, என்னக் கேட்டுட்டு எழுதுவீங்களா?"

செத்த பிறகும் எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாளே என்று வயிறு எரிந்தது. வக்காலத்தைத் திரும்ப வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, சரளாவின் நாற்காலியை ரூனாவின் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "சொல்லு, யாரு கூட்டியாந்தாங்க?" என்றேன். மனுவில் படித்த பெயர்தான், ஆனால் அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. சரளாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி மட்டும்தான். அவளாகவே கொடுத்ததுதான், அன்றைக்கு வாங்கிக்கொள்ள எனக்குத்தான் மனம் வரவில்லை.