மார்ஷலை யாரும் தாண்டக்கூடாது

அமெரிக்காவில் பியூட் நகரத்தின் மார்ச் மாத ஐரிஷ் ஊர்வலம் என்றால் டீலியா லௌனிதான். எந்த பேண்டுக்குப் பின்னால் எது வரும், குதிரைகளை எங்கே விடுவது, எல்லாம் இருபத்திரண்டு வருடமாக அவள் வைத்ததுதான் சட்டம். கறாரான பொம்பளை. வருடத்துக்கு ஒருவரைக் கௌரவித்து ஊர்வலத்தின் முன்னால் விடுவார்களே, அந்தத் தலைமை மார்ஷல் நடந்துதான் வரவேண்டும் என்பதும் அவள் போட்டதுதான். காரில் உட்கார்ந்து கையாட்ட அவர் என்ன தேர்தலிலா நிற்கிறார்? மார்ஷலை யாரும் தாண்டக்கூடாது என்ற வழக்கம் மட்டும் அவளுக்கும் முந்தையது.

1980இல் ஊர்வலக் கமிட்டி டென் ஷேயை மார்ஷலாகத் தேர்ந்தெடுத்தது. முழங்கால் தேய்ந்த மனிதர், கார் கேட்டார். டீலியா முடியாது என்றாள். மார்ஷலின் அடையாளமாகத் தோளில் குறுக்கே போடும் பச்சைப் பட்டையை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனவர், அடுத்த மார்ச் மாதத்தைப் பார்க்கவில்லை.

1983இல் கமிட்டி அவள் கணவன் மர்ட்டியைத் தேர்ந்தெடுத்தது. முப்பது வருடம் செம்புச் சுரங்கத்தில் உழைத்து, நெஞ்சு நிறையக் கல்தூசி வாங்கி வந்தவன். பாதி மாடிப்படியிலேயே நின்றுவிடுவான். ஆயுசில் அவன் ஆசைப்பட்டது அந்தப் பட்டை ஒன்றுக்குத்தான். அடுத்த வருடத்தைப் பற்றி டாக்டர் பேச்செடுக்கவே இல்லை.

டீலியா கமிட்டி முன் நின்று, சட்டத்தை மாற்றிக் காருக்கு அனுமதி கேட்டாள். கேட்கும்போதே நாக்கு கூசியது. ஆதரவாக முதல் ஆளாகக் கை தூக்கியவள் ஷேயின் மனைவி கிட். அவள் குத்தலாக நாலு வார்த்தை பேசியிருந்தால் டீலியாவுக்கு அன்றிரவு தூக்கமாவது வந்திருக்கும்.

மர்ட்டி காரில் ஏற மாட்டேன் என்றான்.

"ஷேய நடன்னு சொன்ன. நான் மட்டும் கார்ல போனா கிட் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

"அவளே சரின்னுட்டா. உனக்கென்ன வந்துச்சு?"

"அவளுக்குப் பெரிய மனசு. அதுக்காக நாம வெக்கத்த விட்டுடலாமா?"

மார்ச் பதினேழாம் தேதி, ஊர்வலத்தன்று, பனி தூறிக்கொண்டிருந்தது. பட்டையும் கைத்தடியுமாக மர்ட்டி முன்னால் நடந்தான். ஜனம் பேர் சொல்லிக் கைதட்டியது. இரண்டு தெரு தாண்டியதும் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அவன் நின்றதும் ஊர்வலமே நின்றது. குழல் பேண்டு நின்ற இடத்திலேயே கால் மாற்றியது. மெல்லிய செருப்போடு நடனப் பிள்ளைகள் குளிரில் வெடவெடத்தார்கள். பத்து நிமிடமாயிற்று. அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனாலும் கம்பத்தை விட்டு ஓரடி எடுத்து வைத்து, மறுபடி கம்பத்துக்கே வந்தான்.

வயர்லெஸ்ஸில் போலீஸ்காரர்கள் என்ன செய்வதென்று கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். பதில் சொல்ல வேண்டியவள் டீலியா ஒருத்திதான். மார்ஷலைத் தாண்ட முடியாது. அவன் மார்ஷலாக இல்லாவிட்டால் தாண்டலாம்.

டீலியா மர்ட்டியின் பக்கத்தில் போனாள். அவன் அவள் கையைப் பார்த்தான்.

"இன்னும் ஒரு நிமிஷம் குடு, டீலியா."

அவள் கொடுக்கவில்லை. ஊர் பார்க்க, அவன் தலைவழியாகப் பட்டையைக் கழற்றி எடுத்தாள். வயர்லெஸ்ஸில், "பேண்ட விடுங்க," என்றாள். குரல் பிசகவில்லை, அதற்காக அவள் தன்னை ஒருநாளும் மன்னிக்கவில்லை.

கூட்டத்திலிருந்து கிட் ஷே ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து விரித்து, மர்ட்டியை உட்கார வைத்தாள். அவன் முன்னால் பேண்டும் குதிரைகளும் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. டீலியா போட்ட வரிசைப்படி எல்லாம் சரியாகவே போனது.