தொப்பூர் இறக்கத்தைப் பார்க்க போர்ச்சுகல் வழியாகப் போக வேண்டுமா?

ஜெயித்துவிட்டோம்! அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்கிற பொறுமை எனக்கே கிடையாது. சென்ற மாதம் இரண்டாவது சனிக்கிழமை சேலத்திலிருந்து சங்ககிரி, அங்கிருந்து ஓமலூர், திரும்பவும் சங்ககிரி, பிறகு வீடு. என் பழைய ஸ்கூட்டரில் மொத்தம் 156 கிலோமீட்டர். இத்தனைக்கும் காரணம் இதே வலைப்பூவில் நான் பெருமையடித்து எழுதிய ஒரு பதிவுதான்.

புதிதாக வந்தவர்களுக்கு: என் பெயர் ஸ்டெல்லா. அஸ்தம்பட்டியில் வீடு. கண் மருத்துவமனையில் கண்ணாடிக்கு பவர் பார்க்கிற வேலை. லீவு கிடைத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவேன். சில மாதங்களுக்கு முன்பு ஓர் ஆவணப்படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ஆன்னா என்கிற வெளிநாட்டுப் பெண் சங்ககிரி லாரி ஒன்றில் பதினோரு நாள் கூடவே போய் எடுத்த படம். அது போர்ச்சுகல் நாட்டு ஓடிடி ஒன்றில் மட்டும் ஓடுகிறது. இங்கே திறந்தால் "உங்கள் பகுதியில் கிடைக்காது" என்று வருகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் ஊர் லாரி, நம் ஊர்ச் சாலை, நமக்கே கிடையாதாம்!

விடுவேனா? விபிஎன் போட்டேன். நாம் வேறு நாட்டில் இருப்பதாக அந்தத் தளத்தை நம்ப வைக்கிற ஏற்பாடு அது. சந்தாவையும் ஒழுங்காகக் கட்டினேன். படத்தைப் பார்த்துவிட்டு, எப்படிப் பார்ப்பது என்று திரையைப் படம் பிடித்துப் போட்டு ஒரு பதிவும் எழுதினேன். ஏதோ நிலாவுக்கே போய்த் திரும்பியவள் மாதிரி ஒரு தோரணை அதில். நீங்களும் "சூப்பர் அக்கா" என்று ஏற்றிவிட்டீர்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பின்னூட்டம்: "ஏனுங்க்கா, அந்தப் படத்துல லாரி ஓட்டறது நாந்தானுங்க. நான் இன்னும் பாக்கலீங்க."

அவர்தான் பூங்கொடி. வயது 34. ஃபோனில் பேசினேன். படம் எடுத்தபோது கணவரும் இவரும் மாறி மாறி ஓட்டிய லாரி இப்போது இல்லை, முதலாளி விற்றுவிட்டார். கணவர் வேறொரு வண்டியில் குஜராத் லைனுக்குப் போய்விட்டார். இவர் உள்ளூரில் ஜல்லி லோடு அடிக்கிறார். சங்ககிரியில் நல்லசிவம் என்பவருக்கு நான்கு லாரிகள். அவருடைய பன்னிரண்டு சக்கர வண்டி ஞாயிற்றுக்கிழமை காலை ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு நாக்பூர் கிளம்ப வேண்டும். டிரைவர் இல்லை. பூங்கொடி போய்க் கேட்டிருக்கிறார். லாரி ஸ்டாண்டில் இருந்தவர்களோ, "இவ காமிராவுக்கு போஸ் குடுத்ததோட சரி, தொப்பூர்ல இறக்குனது இவ ஊட்டுக்காரன்" என்று ஓதிவிட்டார்கள். லோடு ஏற்றிய வண்டியைக் கொடுத்துச் சோதித்துப் பார்க்க நல்லசிவத்துக்குத் துணிச்சல் இல்லை. "நீ இறக்குனதை என்ற கண்ணுல காட்டு, சாவி குடுக்கறேன். சனிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன்" என்று சொல்லிவிட்டார்.

விபத்துக்குப் பேர்போன தொப்பூர் மலை இறக்கத்தில் பூங்கொடியே ஓட்டுகிற காட்சி படத்தில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். சாட்சி என் லேப்டாப்பில்! காலை 8.15க்கு அஸ்தம்பட்டியில் கிளம்பினேன். சங்ககிரிக்கு 38 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு 9.30க்குப் போய்ச் சேர்ந்தேன். மலைக்கோட்டைக்கு இன்னொரு நாள் தனியாக வாருங்கள், நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நல்லசிவத்தின் யார்டில் ஒரு தகர ஷெட். பூங்கொடி வாசலிலேயே காத்திருந்தார். லேப்டாப்பை மேசையில் வைத்து, விபிஎன்னைப் போட்டு, படத்தை ஓடவிட்டேன். பெயர் போடுவதற்குள் அவர் கையை நீட்டினார். "ஒரு நிமிசம் நிறுத்துங்க. இது இந்தியாவுல வராதுன்னாங்களே, இப்ப எப்படிங்க வருது?"

நான் ஆசையாக விளக்கினேன். கம்ப்யூட்டர் இப்போது போர்ச்சுகலில் இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறது, அவ்வளவுதான் என்றேன்.

"அப்ப சங்ககிரியில நின்னுக்கிட்டு வேற ஊரு நம்பர் பிளேட்டை மாட்டியிருக்கறீங்க" என்றார் அவர். சிரிக்கவில்லை. "பிளேட்டை மாத்தி வந்த வண்டியில இருக்கற சரக்கு நல்ல சரக்குன்னு நான் எப்படிங்க நம்பறது? நாளைக்கு ஸ்டாண்டுல என்னைக் கேப்பாங்கல்லங்க?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். லாரிக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம்! சண்டைக்குக் கிளம்பியவளைப் பூங்கொடிதான் நிறுத்தினார். "அவரு சொல்றது சரிதானுங்க்கா. பர்மிட் இல்லாத லோடை நானே ஏத்த மாட்டேன். இது அந்தப் பொண்ணு ஆன்னாவுக்குத் தெரியுங்களா?"

"தெரியாது. அவங்களை எங்கே போய்ப் பிடிக்கறது?"

"என்றகிட்ட நம்பர் இருக்குதுங்க. வருசா வருசம் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பும்."

அடக் கடவுளே! நாடு விட்டு நாடு தாண்டித் தளத்தை ஏமாற்றத் தெரிந்த எனக்கு, படம் எடுத்தவரையே கேட்கலாம் என்று தோன்றவில்லை பாருங்கள். பூங்கொடியும் கேட்டதில்லை, படம் இங்கே வரும்போது அவர்களே சொல்வார்கள் என்று இருந்துவிட்டாராம். அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடித்து அனுப்பினேன். இரண்டு டீ குடித்தோம், 30 ரூபாய். இருபது நிமிடத்தில் பதில் வந்தது: "பத்து மாதத்துக்கு முன்பே பென்டிரைவில் படத்தை அனுப்பினேனே! பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன்." கூடவே, எந்த விலாசத்துக்கு அனுப்பினார் என்று காட்ட, படம் எடுத்தபோது பூங்கொடி எழுதிக்கொடுத்த சம்மதக் காகிதத்தின் போட்டோ.

அதைப் பார்த்ததும் பூங்கொடி தலையில் அடித்துக்கொண்டார். வருடத்தில் பாதி நாள் ரோட்டில் இருப்பவர்கள் வீட்டு விலாசம் கொடுப்பதில்லை, லாரிக்கு லோடு பிடித்துக் கொடுக்கிற புக்கிங் ஆபீஸ் விலாசம்தான். லைனில் யாரையும் பெயர் சொல்லித் தேடுவதும் இல்லை, லாரியைச் சொன்னால்தான் தெரியும். அந்த வழக்கத்தில், பெயர் என்ற இடத்தில் லாரியின் பெயரையும் நம்பரையும் எழுதியிருக்கிறார். விலாசம், ஓமலூரில் ஒரு புக்கிங் ஆபீஸ். பார்சல் லாரியின் பெயருக்குப் போயிருக்கிறது. லாரியோ விற்றாகிவிட்டது!

மணி 10.50. தாரமங்கலம் வழியாக ஓமலூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர். பூங்கொடியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தேன். பறந்தேன் என்பது என் கருத்து. "அக்கா, எதுக்கெடுத்தாலும் பிரேக்கைப் புடிக்காதீங்க, லைனர் தேஞ்சு போயிரும்" என்று காதருகில் ஒரே நச்சரிப்பு. பத்தாவது கிலோமீட்டரில் வண்டியை அவரிடமே கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்தேன்.

வழியெல்லாம் விவாதம். "நான் காசு கட்டித்தானே பார்த்தேன்? திருடலையே?" என்றேன்.

"காசு கட்டுனீங்க, சரி. ஆனா நீங்க அங்க இருக்கறதாப் பொய் சொல்லித்தானுங்களே கட்டுனீங்க?"

"நம்ம ஊர்ப் படத்தை நமக்குக் காட்டாமப் பூட்டி வைக்கறது மட்டும் நியாயமா?"

"அது தப்புத்தானுங்க. அதை அவங்ககிட்டச் சண்டை போட்டுக் கேக்கோணும். கேட்டுமில்லைன்னா அப்பறம் பாக்கலாம். நீங்க கேக்கவே இல்லீங்களே!"

எதிர்க்காற்று பலமாக இருந்ததால் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

புக்கிங் ஆபீஸில் குமரேசன் என்பவர் பொறுப்பில் இருந்தார். லாரி பெயரைச் சொன்னதும் மேல் ரேக்கைக் காட்டினார். அங்கே தூசி படிந்து, வெளிநாட்டுத் தபால்தலையோடு, உள்ளங்கை அளவில் ஒரு பொட்டலம். "வண்டி வந்தாக் குடுக்கலாம்னு வெச்சிருந்தேனுங்க. வண்டி வரவே இல்ல."

"வண்டிக்கு வந்ததில்லீங்க, எனக்கு வந்தது" என்றார் பூங்கொடி.

"உங்க பேரு இதுல எங்கீங்க இருக்குது?"

பூங்கொடி ஃபோனில் அந்தச் சம்மதக் காகிதத்தைக் காட்டினார். கீழே அவர் கையெழுத்து. பிறகு தன் லைசென்ஸை எடுத்து மேசையில் வைத்தார். குமரேசன் இரண்டு கையெழுத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில் ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்து, "உங்க பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்கங்க" என்றார். அங்கேயே விசில் அடிக்கத் தோன்றியது எனக்கு.

பிரித்தோம். பென்டிரைவும் ஒரு கடிதமும். ஆங்கிலத்தில் இருந்ததை நான் சத்தமாகத் தமிழில் படித்தேன்: இது பூங்கொடியின் பிரதி, அவர் விரும்புகிற எவருக்கும், எத்தனை பேருக்கும் போட்டுக் காட்டலாம், ஓடிடியோடு செய்த ஒப்பந்தத்திலேயே அதற்கு இடம் வாங்கியிருக்கிறேன். கீழே ஆன்னாவின் கையெழுத்து. பூங்கொடி கடிதத்தை வாங்கி, மடித்து, லைசென்ஸ் இருந்த உறைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

ஓமலூரில் இரண்டு சாப்பாடு 180 ரூபாய், ரசம் பிரமாதம். சங்ககிரி யார்டுக்குத் திரும்பும்போது மணி 2.40. செய்தி எங்களுக்கு முன்னால் போயிருந்தது. ஸ்டாண்டு ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஷெட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். "இப்ப சரிங்க. போடுங்க" என்றார் நல்லசிவம்.

தர்மபுரிப் பக்கமிருந்து வெங்காய லோடோடு வருகிறது லாரி. மழை. தொப்பூர் இறக்கம் தொடங்குகிறது. கேமரா கேபினுக்குள் ஓரமாக இருக்கிறது. பூங்கொடியின் முகம், கை, கால் எல்லாம் ஒரே ஃபிரேமில். கணவர் பக்கத்து சீட்டில் அசந்து தூங்குகிறார்! ஷெட்டில் ஒரே சிரிப்பு. இறக்கம் முடியும் வரை காட்சியில் ஒரு வெட்டுக்கூடக் கிடையாது. வீட்டில் தனியாகப் பார்த்தபோது நான் மழையைத்தான் ரசித்தேன். இவர்கள் யாரும் மழையைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவர் காலைப் பார்த்தார்கள்.

"ரெண்டாவது கியர்லயே வருது" என்றார் ஒருவர். "பிரேக்கை மிதிக்கவே இல்லையப்பா" என்றார் இன்னொருவர். முன்பு நல்லசிவத்திடம் ஓதிவிட்ட ஆள்தான் அவர் என்று பிறகு தெரிந்தது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடுமாம், கியரிலேயே அடக்கி வருவதுதான் திறமையாம். பூங்கொடி திரையைப் பார்க்காமல் நல்லசிவத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறக்கம் முடிந்ததும் நல்லசிவம் எழுந்தார். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து வந்து நீட்டினார். "காத்தால அஞ்சு மணிக்கு வண்டி எடுத்தரோணும் சாமி." மணி அப்போது 3.35. நான் கைதட்டினேன், ஷெட்டே கைதட்டியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

இந்த வழியில் போகிறவர்களுக்கு: தாரமங்கலம் சாலையில் வேகத்தடைகள் அதிகம், பெட்ரோலை சங்ககிரியிலேயே போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு அன்றைக்கு மொத்தம் 310 ரூபாய்க்கு ஆனது. என் விபிஎன் பதிவைத் தேடி வந்தவர்களுக்கு: அதை எடுத்துவிட்டேன். ஊரைப் பார்த்துப் படத்தைப் பூட்டுகிற வழக்கம் எனக்கு இன்னும் எரிச்சல்தான். வேறு வழியே இல்லாதவர் வீட்டில் தனியாகப் பார்த்தால் அவரைத் திருடன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பொய்யான ஊர்ப் பெயரில் பார்த்த படத்தை நாலு பேர் முன்னால் வைத்து, இதுதான் உண்மை என்று என்னால் சொல்ல முடியவில்லை. முதலில் எடுத்தவரைக் கேளுங்கள். ஒரு செய்தி அனுப்ப ஐந்து நிமிடம் ஆகிறது. ஓடிடிக்கும் எழுதியிருக்கிறேன், இந்தியாவுக்குத் திறந்துவிடச் சொல்லி. இன்னும் பதில் இல்லை, விடப்போவதில்லை.

அந்த வாரக் கடைசியில் பூங்கொடி ஒரு போட்டோ அனுப்பினார். நாக்பூரில் ஜவ்வரிசி இறக்கியாகிவிட்டது. பன்னிரண்டு சக்கர வண்டியின் டாஷ்போர்டில் பர்மிட், அதன் பக்கத்தில் லைசென்ஸ். கீழே ஒரு வரி: "அக்கா, எல்லாச் செக்போஸ்ட்லயும் என்ற பேரைச் சொல்லித்தானுங்க தாண்டுனேன்."