பூக்கட்டிப் பார்த்த கம்ப்யூட்டர்

அந்த வருஷம் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. குற்றாலத்தில் அண்ணாச்சியின் லாட்ஜில் படிக்கட்டுக்கு அடியில்கூட ஆள் படுத்திருந்தது. இருந்தும் மாடி மூலை ரூமை அவர் யாருக்கும் விடவில்லை. அங்கே ஒரே மேஜையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. ஒன்று பாளையங்கோட்டையிலிருந்தும் மற்றது மதுரையிலிருந்தும் விற்பனைக்காரர்களோடு பஸ் ஏறி வந்தவை. தென்காசியில் அண்ணாச்சி திறக்கப்போகும் கம்ப்யூட்டர் சென்டருக்கு இரண்டில் ஒன்றை வாங்க வேண்டும். எதை என்று சொல்ல வேண்டியவன் நான். அங்கே வாத்தியாராக வேலைக்குச் சேர்ந்திருந்தவனும் நான்தான்.

அந்த வேலை அப்பா வாங்கித் தந்தது. அப்பா அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். அண்ணாச்சிக்கு அப்பாவின் கை பிடிக்கும். "முதுகு தேய்க்கும்போது மெல்லக் கேட்டேன், ஒம் மவன் கம்ப்யூட்டர்லாம் படிச்சிருக்கானாலே, வரச் சொல்லுன்னுட்டாவ" என்று மேலகரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று அப்பா சொன்னபோது பக்கத்து வீடுகளிலும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதில் பெருமையைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று உண்டு. தெரியாது என்று சொல்ல முடியாது. மருந்துப் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது, பட்டாவில் எந்த இடத்தில் கைநாட்டு, ரேடியோவில் இங்கிலீஷ்காரன் என்ன சொல்கிறான், எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறை தெரியாது என்று சொன்னதற்கு அம்மா முகம் சுருங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு அந்த வார்த்தையை நான் வீட்டில் பேசியதில்லை.

முதலில் பாளையங்கோட்டைக்காரர் தன் மெஷினைக் காட்டினார். சின்ன மெஷின். கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடக்கம். லாட்ஜ் வரவேற்பறையிலிருந்து கலர் டிவியைத் தூக்கி வந்து சொருகினார்கள். புரோகிராம் எல்லாம் கேசட்டில் இருக்கும். டேப் ரெக்கார்டரைப் போட்டால் கீச்சென்று கத்தி, அந்தச் சத்தம் வழியாக உள்ளே ஏறும். அன்று ஏறவில்லை. மனுஷர் மறுபடி மறுபடி சுற்றிப் போட்டார். நெற்றியில் வேர்வை.

"என்னவே, காயலான் சரக்கா?" என்றார் அண்ணாச்சியின் மச்சினர். அண்ணாச்சி சம்சாரம் மதினியின் தம்பி, பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தவர்.

அந்த மாதிரி மெஷினில்தான் நான் படித்தேன். கத்துகிற சத்தத்தைக் கேட்டாலே கோளாறு எங்கே என்று எனக்குத் தெரியும். யோசிக்கும் முன்னால் கை போய் டேப் ரெக்கார்டரின் வால்யூமை ஒரு மயிரிழை குறைத்துவிட்டது. டிவியில் கட்டம் கட்டமாக நிறம் விரிந்தது. அப்புறம் கேட்கிறார்கள் என்று நானே நாலு வரி அடித்து, அண்ணாச்சியின் பெயரைத் திரை முழுக்க ஓடவிட்டேன்.

அண்ணாச்சி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "பாத்தியாலே! வித்தவனுக்கு மசியல, நம்ம பயலுக்கு மசியுது!"

அடுத்தது மதுரைக்காரர். அவருடையது பி.சி. டிரங்குப் பெட்டி மாதிரி ஒரு பெட்டி, அதன் மேல் கறுப்புத் திரை, பச்சை எழுத்து. நிறமும் இல்லை, பாட்டும் இல்லை. ஒரு மூலையில் ஓர் எழுத்தும் அதற்குப் பக்கத்தில் அம்புக்குறி போல ஒன்றும் வந்து நின்றன. இதன் விலைக்குச் சின்ன மெஷின் நாலு வாங்கலாம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"தம்பியே வந்து அடிச்சுப் பாக்கட்டும்ணே" என்று மதுரைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

உட்கார்ந்தேன். தெரிந்த ஒரு வார்த்தையை, சின்ன மெஷினில் படிக்கும்போது தினம் அடித்த 'லிஸ்ட்' என்ற வார்த்தையை அடித்தேன். பச்சையில் ஒரு வரி வந்தது.

"என்னலே சொல்லுது?" என்றார் அண்ணாச்சி.

"கட்டளை தப்புன்னு சொல்லுது அண்ணாச்சி."

"ஒன்னயா தப்புங்குது?"

மச்சினர் வாயைப் பொத்திக்கொண்டார். மதுரைக்காரர் குனிந்து என் காதருகே, "பழக்கமில்லையோ?" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. மற்றவர்களுக்குக் கேட்காமல்தான் கேட்டார். நான், "பழக்கந்தான், சாரல்ல கீ நமத்திருக்கு" என்றேன். அவர் நிமிர்ந்துகொண்டார்.

விஷயம் என்னவென்றால், பெரிய மெஷின் முன்னால் நான் உட்கார்ந்தது அது இரண்டாம் தடவை. முதல் தடவை ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீஸில், வேலை கேட்டுப் போன இடத்தில். துணியை விலக்கி, "போடுங்க" என்றார்கள். சுவிட்ச் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. முன்பக்கம் தடவினேன், கீபோர்டைத் தூக்கிப் பார்த்தேன். கடைசியில் ஆபீஸ் பையன் வந்து, வலது பக்கம் பின்னால் கைவிட்டுத் தட்டினான். அத்தோடு அனுப்பிவிட்டார்கள். அப்பாவிடம், ஏற்கெனவே ஆள் எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். ஆகவே, ஆபீஸ்களில் எது இருக்கிறது, சென்டருக்கு எது வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரிசு வந்தால் எனக்கு வேலை இல்லை என்பதிலும் இல்லை.

"பம்பாயில எல்லா ஆபீஸ்லயும் பெருசுதான் அத்தான்" என்றார் மச்சினர்.

"நாலு மெஷின்னா நாலு பிள்ளையள் ஒரே நேரத்துல உக்காரும்லா? நீ சொல்லுலே, எது?" அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டும் நல்ல மெஷின்தான் அண்ணாச்சி."

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். "ஒருத்தன் அதுங்கான், ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டேங்கான். வெள்ளிக்கெழம பூக்கட்டிப் பாத்துருவோம்."

வெள்ளிக்கிழமை காலையில் தென்காசிக்குப் போனேன். சென்டருக்கு எடுத்திருந்த மாடிக்கு எதிரே ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். வாசலில், சுற்றிய பீடியைக் கடையில் போடுவதற்காகத் தட்டோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்றாள். பிளஸ் டூ முடித்தவள். சென்டருக்கு முதல் ஆளாகப் பேர் கொடுத்தவள்.

"அண்ணே, இத படிச்சா எங்கயும் வேல தருவாவல்லா? எங்க ஐயா, இதையும் படிச்சிட்டு பீடிதான் சுத்தப் போறியாங்காவ."

"தருவாங்க" என்றேன். வால்யூமைத் திருப்பிய அதே வேகத்தில் வாய் சொல்லிவிட்டது.

உள்ளே அண்ணாச்சியும் மச்சினரும் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். மதினி வாழையிலைத் துண்டுகளில் பூவை வைத்து நாரால் கட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்கு அரளி. வெள்ளை வந்தால் சின்னது, சிவப்பு வந்தால் பெரிசு. இரண்டு பொட்டலமும் பார்க்க ஒன்று போலவே இருந்தன.

கட்டி முடித்துவிட்டு மதினி நிமிர்ந்தார். "எல்லாரும் கேட்டுக்கிடுங்க. ரெண்டும் மனசுக்குச் சம்மதம்னாத்தான் சாமிகிட்ட பூக் கேக்கணும். ஒண்ண மனசுல வச்சிக்கிட்டுக் கேக்கக்கூடாது. ஒங்களுக்கு?"

"சம்மதம்" என்றார் அண்ணாச்சி.

"சம்மதம், சம்மதம். எனக்குப் பசிக்கு" என்றார் மச்சினர்.

"எய்யா, ஒனக்கு?"

பூசாரி தட்டை நீட்டியபடி நின்றார். வெளியே அந்தப் பெண் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா அன்று காலை கிளம்பும்போது சொன்னது காதில் இருந்தது: "அண்ணாச்சி மனசு கோணாம நடந்துக்கோ."

"எனக்குச் சம்மதமில்ல மதினி."

அண்ணாச்சி தோளில் கிடந்த சட்டையை இறக்கினார். "என்னது?"

"பெரிய மெஷின்தான் வாங்கணும் அண்ணாச்சி. பூப் பாக்க வேண்டாம்."

"அன்னைக்கு ஒம் மொகத்துக்கு நேரா தப்புன்னு சொல்லிச்சே, அந்த மெஷினா?"

"அது சரியாத்தான் சொல்லிச்சி. தப்பா அடிச்சது நாந்தான். எனக்கு அது தெரியாது."

"தெரியாதுன்னா?"

"சுத்தமா தெரியாது அண்ணாச்சி."

அந்த வார்த்தை வெளியே வந்துவிட்டது. நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று மில் ஆபீஸ் கதையையும் சொன்னேன். "சின்னதுல படிச்சிட்டுத்தான் போனேன். சுவிட்ச்ச தேடிக்கிட்டு நின்னேன். நம்மகிட்ட படிக்கிற பிள்ளையளும் அங்கன போயி அப்பிடித்தான் நிக்கும்."

மச்சினருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அத்தான், வாத்தியாருக்கே பாடம் தெரியாதாம்! நல்ல ஆளத்தான் புடிச்சிருக்கிய!"

"நீ சும்மா கெட." அண்ணாச்சியின் குரல் தாழ்ந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "அப்போ ஒன்னய எதுக்குலே வச்சிருக்கேன்?"

நான் வாசல் பக்கமாக ஒதுங்கினேன்.

"நேரமாச்சி, நட சாத்தணும்" என்றார் பூசாரி பொதுவாக.

அண்ணாச்சி மதினியின் கையிலிருந்து இரண்டு பொட்டலங்களையும் வாங்கினார். "மெஷின் பெருசு. அது முடிஞ்சிது. இப்ப சாமிட்ட கேக்க வேண்டியது வேற. வெள்ள வந்தா இவனே மதுரைக்குப் போயி படிச்சிட்டு வந்து சொல்லிக் குடுக்கட்டும். செவப்பு வந்தா அங்க இருந்து வேற வாத்தியார் வரட்டும்." என்னைப் பார்த்தார். "ஒனக்குச் சம்மதமாலே?"

இல்லை என்று சொல்ல எனக்கு இடமிருக்கவில்லை. "சம்மதம் அண்ணாச்சி."

பூசாரி பொட்டலங்களைத் தட்டில் குலுக்கிப் பிள்ளையார் காலடியில் போட்டார். கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். நார் முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. அவர் நகத்தால் நோண்டினார். அவிழவில்லை. பல்லால் கடிக்கக்கூடாது என்பதால் மறுபடி நோண்டினார். இலை ஓரம் கிழிந்தது. கிழிசல் வழியாக முதலில் தெரிந்தது சிவப்பு.

மதினி கீழே விழுந்த அரளியை எடுத்து என் கையில் வைத்தார்.

குற்றாலத்துக்குப் போய்ச் சேரும்போது அப்பாவுக்கு எப்படியோ சேதி போயிருந்தது. யாரோ ஒரு வடநாட்டுக்காரரைக் குப்புறப் படுக்கப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிராமல் கேட்டார்.

"தெரியாதுன்னு நீயாவா சொன்ன?"

"ஆமாப்பா."

"மில்லுலயும் அதுதானா?"

"ஆமா."

அப்பா உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொண்டார். "நாளைக்கு அண்ணாச்சி தேய்க்கக் கூப்பிடுவாவ. நான் இன்னொரு தடவ கேட்டுப் பாக்கேன்."

"வேண்டாம்ப்பா. நானே போயி கேக்கேன்."

அப்பா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். எண்ணெய்க் கையோடு என்னைத் தொடாமல், புறங்கையால் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "என்னத்தக் கேப்ப?"

"படிக்கச் சேத்துக்கிடுவாவளான்னு."

ஆடி போய் ஆவணியில் சென்டர் திறந்தார்கள். மாடியில் ஒரே ஒரு மெஷின், பெரிசு. அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர் பெஞ்சில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஜன்னலுக்கு வெளியே பெரிய கோயில் கோபுரம் இன்னும் முழுசாக எழும்பாமல் நின்றது. மதுரையிலிருந்து வந்த வாத்தியார் என்னைவிட இளையவராக இருப்பார் போலிருந்தது. கைகளைத் தேய்த்துக்கொண்டு, "சரி, இத எங்க போடணும்னு யாருக்காவது தெரியுமா?" என்றார்.

நான் எழுந்து போய், வலது பக்கம் பின்னால் கைவிட்டுத் தட்டினேன். விசிறிச் சத்தம் எழுந்தது. பச்சை எழுத்து வந்து நின்றது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

பின்னால் இருந்த அந்தப் பெண் என் தோளைப் பென்சிலால் தொட்டாள். "அண்ணே, ஒங்களத்தான வாத்தியார்னு சொன்னாவ?"

"இல்லம்மா. நானும் படிக்கத்தான் வந்திருக்கேன்."

"அப்ப கொஞ்சம் தள்ளி உக்காருங்க. ஒங்க தலை மறைக்கு."