மோட்டார் சத்தத்தில் தூங்கிய மகள்

மூத்த மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது மனைவியின் பிரசவ விடுமுறை முடிந்தது. அவள் கற்பிட்டியில் கணித ஆசிரியை. நான் குறிஞ்சிப்பிட்டியில் சின்ன வெங்காயமும் மிளகாயும் பயிரிடுகிறவன். என் உம்மா மௌத்தாகி அடக்கம் செய்தே பல வருடங்கள். மனைவியின் உம்மாவும் வாப்பாவும் தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து வெளியேறி இங்கே வந்து இருந்தவர்கள். யுத்தம் முடிந்து சில வருடங்களில் திரும்பிப் போய்விட்டார்கள். பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று அவள் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் சாப்பிடும்போது நான் சொன்னேன்.

"நீங்க ஸ்கூலுக்குப் போங்க. புள்ளய நான் பாக்கிறன்."

"உங்களுக்கு ஏலுமா? தோட்டத்த ஆர் பாக்கிற?"

"ரெண்டையும் பாக்க ஏலும்."

அப்படிச் சொன்ன நேரம் எனக்குப் பிள்ளையின் ஈரத்துணியை மாற்றிக் கட்டவே சரியாகத் தெரியாது. ஆனாலும் ஏலும் என்றுதான் நினைத்தேன். மணல் தரையில் வெங்காயம் விளைவித்தவனுக்கு ஒரு பிள்ளையைப் பார்ப்பது எம்மாத்திரம்?

முதல் நாள் மகள் பகல் வரைக்கும் அழுதாள். ஊட்டிய சோற்றை என் சட்டையிலேயே துப்பினாள். தோட்டத்து ஓலைக் குடிசையான வாடிக்குள் சேலையால் கட்டியிருந்த ஏணையில் போட்டால் இன்னும் கத்தினாள். கை ஓய்ந்துபோய், பாத்திகளாவது காயாமல் இருக்கட்டும் என்று தண்ணீர் மோட்டாரைப் போட்டேன். அழுகை நின்றது. எட்டிப் பார்த்தேன். தூங்கிவிட்டாள்.

மருந்து கிடைத்துவிட்டது என்று எனக்குப் பெரிய சந்தோஷம். அன்றிலிருந்து அவள் சிணுங்கினால் மோட்டார் ஓடும். நிறுத்தினால் விழித்துவிடுவாள், ஆகவே நிறுத்தவும் மாட்டேன். அந்த நேரத்தில் களை பிடுங்கினேன், மருந்தடித்தேன், துணியும் துவைத்தேன். மூன்று வாரம் இப்படியே போனது.

பக்கத்துத் தோட்டம் எனக்கு மூத்தவரான என் நானாவுடையது. ஒருநாள் அவர் வேலியைத் தாண்டி வந்து, ஒரு வெங்காயத்தைப் பிடுங்கி என் மூக்குக்கு நேரே நீட்டினார். அடி அழுகி நாறியது.

"என்னடா இது, வெங்காயம் நட்டீக்கியா, நெல்லு நட்டீக்கியா? இவ்வளவு தண்ணி என்னத்துக்கு?"

காரணத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"பொஞ்சாதிய வேலய உடச் சொல்லு. இது ஆம்புளைக்குச் சரிவராது."

"பாத்தி அழுகினது என்ட பிழ. புள்ள நல்லாத்தான் இரிக்கிறாள்" என்றேன்.

ஆறு பாத்தி போயிற்று. மனம் எரிந்தது உண்மை. ஆனால் வேலையை விடும்படி மனைவியிடம் சொல்ல எனக்கு ஒருபோதும் தோன்றவில்லை. அன்று மாலை கையடக்கத் தொலைபேசியை மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்து, அரை மணித்தியாலச் சத்தத்தைப் பதிவுசெய்தேன். மறுநாள் அதை ஏணைக்குக் கீழே வைத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். மகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஒன்பதாம் மாத ஊசிக்கு மகளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனதும் நான்தான். உட்காரும் வாங்கு நிறையப் பெண்கள். பிள்ளைகளின் நிறையைப் பதிகிற, மிஸ்ஸி என்று எல்லோரும் கூப்பிடும் தாதி என்னைக் கண்டதும், "உம்மா எங்க?" என்றார்.

"ஸ்கூல்ல படிச்சுக் குடுக்கிறா. நான்தான் புள்ளயப் பாக்கிற."

"அப்ப சாப்பாடு என்ன குடுக்கிறதென்டு உங்களுக்குத் தெரியுமா?"

"காலையில சோறும் பருப்பும் மசிச்சி. பத்து மணிக்கு வாழப்பழம். பகலைக்கு மீன், முள்ளெடுத்து. கீரையெண்டா துப்புவாள், பூசணியோட கலந்தா தின்பாள்."

மிஸ்ஸி கொப்பியைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். "நிற நல்லாக் கூடியிரிக்கி" என்று சொல்லி எழுதினார். ஊசி போட்டதும் மகள் வீறிட்டாள். நான் தொலைபேசியை எடுத்து மோட்டார் சத்தத்தைப் போட்டேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் விம்மி விம்மித் தோளில் சாய்ந்தாள். வெளியே வரும்போது ஒரு பெண் பின்னாலேயே வந்து, பூசணியை அவிப்பதா வதக்குவதா என்று கேட்டார். அவிக்கச் சொன்னேன்.

இப்போது இரண்டு பிள்ளைகள். மிளகாயைக் குறைத்துவிட்டேன், அதற்கு ஆள் எந்நேரமும் நிற்க வேண்டும். முன்பு விடியலில் சுபஹ் தொழுதுவிட்டுத் தோட்டத்துக்குப் போனால் பகல்வரை திரும்பிப் பார்க்க மாட்டேன். இப்போது தலை வாரி, சாப்பாடு கட்டி, இரண்டு பேரையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுபோய் விட்ட பிறகுதான் மண்வெட்டியைத் தொடுகிறேன். விளைச்சல் கொஞ்சம் குறைவு. எனக்கு அது போதும்.

போன மாதம் முன்பள்ளிப் பெற்றோர் கூட்டம். வந்திருந்த ஒரே ஆண் நான். பெற்றோர் சங்கத்துக்குத் தலைவர் யார் என்று டீச்சர் கேட்டதும் எல்லோரும் என்னையே காட்டினார்கள். மறுக்கவில்லை. சங்க வேலை வியாழக்கிழமைகளில் என்பதால், அன்று தோட்டத்துக்கு இனி அரை நாள்தான்.