கொக்கியில் தொங்கிய அட்டை

“மேற்படி சூசைமாணிக்கம், வயது 46, முரட்டுச் சுபாவம் உள்ளவர்; சக தொழிலாளியை மிரட்டி வேலை வாங்கும் வழக்கமுடையவர்.”

விசாரணைக் கடிதத்தின் முதல் வரி இது. வயது சரி. மற்றபடி ஆள் நாற்பத்தெட்டுக் கிலோ. நெய்வேலி நகரியத்துச் சாலையில் மாடு படுத்திருந்தால், சைக்கிளை விட்டு இறங்கிச் சுற்றிக்கொண்டு போகிறவர்.

சுரங்கத்தில் நிலக்கரி போகும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதைச் சுரண்டி எடுக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. ஜெயராமன் அவருடைய ஒன்பது வருட ஜோடி. அடியில் இறங்குகிறவர் தன் பெயரட்டையை சுவிட்ச் பெட்டியின் கொக்கியில் மாட்ட வேண்டும். அட்டை தொங்கும்வரை பெல்ட் ஓடாது, மாட்டியவரேதான் கழற்றலாம்; கழற்றும்வரை அவர் இடத்தை விட்டு நகரக் கூடாது. ஜெயராமனுக்கு இதில் சோம்பல். விதிக்கு மாறாக, ஒன்பது வருடமும் இரண்டு அட்டைகளையும் மாட்டியவர் சூசைமாணிக்கம். மிரட்டல் என்று பார்த்தால் அவ்வளவுதான்.

பெர்மனன்ட் ஆக ஓர் இடம் வந்தது. பட்டியலில் முதல் பெயர் சூசைமாணிக்கம், அடுத்தது ஜெயராமன். சூசைமாணிக்கத்தின் மேல் ஜெயராமனின் மனு அந்த வாரமே போனது. ஜோடியைப் பிரித்தார்கள். வியாழக்கிழமை பதினோரு மணி விசாரணைக்கு வராவிட்டால் பெயர் நீக்கப்படும்.

“நீங்களும் அவன் மேல ஒரு மனு போடுங்க” என்றார் மனைவி ராக்கினி.

“பொய்யா எழுதச் சொல்றியா?”

“உங்களுக்கு எழுத வராது. நான் எழுதறேன்.”

“உள்ளத போயி சொல்லுவேன். அவன வையாம சொல்லுவேன். அவன மாதிரியே நானும் செஞ்சிட்டு, ஞாயித்துக்கெழம கோயில்ல எந்த மூஞ்சிய வச்சிகினு முட்டி போடுவேன்?”

அவரை உடனே புனிதராக்கிவிட வேண்டாம். ஜெயராமனுக்காக ஜெபித்தது உண்மை. ஆனால் முதல் வாரம், அவரை வேறு ஊருக்கு மாற்றிவிடும்படிதான் ஆண்டவரிடம் கேட்டார். மூன்றாவது வாரம்தான் ‘அவன் நல்லா இருக்கட்டும்’ என்று வாயில் வந்தது. அதையும் பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னாராம்.

வியாழன் பத்தே முக்காலுக்கு, அலுவலகம் போகும் வழியில் பழைய பெல்ட்டைக் கடந்தார். பெல்ட் நின்றிருந்தது. அடியில் ஜெயராமனின் கால்கள். கொக்கியில் அட்டை இல்லை. ஜோடி போனாலும் பழக்கம் போகவில்லை. அட்டை தானாக மாட்டிக்கொள்ளும் என்று இறங்கிவிட்டார். கூப்பிட்டால், பக்கத்து பெல்ட்டின் இரைச்சல். ஜெயராமன் திரும்பி, முகத்தைப் பார்த்ததும் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். மேலதிகாரிக்குப் போனில் சொன்னால், அட்டை மாட்டாத குற்றத்துக்கு ஜெயராமனின் கேட் பாஸ் அன்றே போகும். சூசைமாணிக்கத்தின் வழக்கும் அதோடு தீரும்.

ஜெயராமன் வெளியே வந்தபோது மணி பதினொன்றரை.

“இங்க இன்னா பண்ற நீ?”

“அட்டையக் கழட்டணும்ல.”

ஜெயராமன் கொக்கியைப் பார்த்தார். தன் சட்டைப் பையைத் தொட்டார். அட்டை அங்கேயே இருந்தது.

“உனுக்கு பதினோரு மணிக்கு விசாரணையாச்சே.”

“ஆமா. வெரசா வருவன்னு பாத்தேன். நீ இன்னிக்குன்னு பாத்து ஒழுங்கா வேல செஞ்சிருக்க.”

தாமதத்துக்குக் காரணம் கேட்ட அதிகாரியிடம், “அட்ட மாட்டியிருந்தேங்க” என்றார். பொய்யில்லை. யார் பொருட்டு என்று அதிகாரி கேட்கவில்லை. பெயர் நீங்கியது. கோப்பில் ‘விசாரணையைப் புறக்கணித்தார்’ என்று இன்னொரு வரி சேர்ந்தது. ஜெயராமன் மனுவைத் திரும்பப் பெற்றாரா என்றால், இதுவரை இல்லை. அட்டையை மட்டும் இப்போது அவரே மாட்டுகிறார்.

சூசைமாணிக்கம் செய்தது இது: கொக்கியில் தன் அட்டையை மாட்டி, ஜெயராமன் வெளியே வரும்வரை முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றார்.