ஏற்றாத ரத்தம்

இரண்டு வருடங்களுக்கு முன், எதிர்வீடே தெரியாத தில்லி ஜனவரிப் பனியில் நடந்தது இது. துவாரகாவில் எங்கள் ஃப்ளாட். வெறும் காய்ச்சல் என்று படுத்த என் கணவருக்கு அது நிமோனியாவாகி, இரண்டு நுரையீரலும் கைவிட்டுவிட்டன. ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர்தான் அவருக்காக மூச்சு விட்டது. கண்ணாடிக்கு வெளியே நின்று அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். நானும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல ஒரு மயக்கம். சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்கும்.

அந்த மயக்கத்தில்தான் யாரோ சொன்னார்கள், ஹீமோகுளோபின் இறங்குகிறது, ரத்தம் தேவைப்படலாம், கொடுக்க ஆள் பாருங்கள் என்று. எங்கள் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டேன். மறுநாள் காலை பனிக்குள்ளிருந்து குல்லாவும் மஃப்ளருமாக ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். கனவு மாதிரி இருந்தது. விமான நிலையத்தில் அவரோடு வேலை பார்க்கும் திருநெல்வேலித் தம்பி முதல் ஆளாகக் கொடுத்துவிட்டு, சாயங்காலமே போனில் கேட்டார்: "நம்ம ரத்தம் ஏறிட்டா மதினி?"

எங்கே ஏறியது! ஐ.சி.யூ. டாக்டரம்மா ஏற்றவே இல்லை. எனக்கு வந்ததே கோபம்! ஊரிலிருந்து என் அண்ணன் வேறு, "ரத்தத்த வச்சிக்கிட்டு ஏத்தாம வேடிக்கையா பாக்காவ? வேற ஆஸ்பத்திரிக்கு மாத்து" என்று குதித்தார்.

நேரே போய் என் அரைகுறை இந்தியில் சண்டை போட்டேன். டாக்டரம்மா முகம் சுளிக்காமல் என்னை உள்ளே கூட்டிப்போய் என் கணவரின் கட்டிலருகே நிறுத்தினார். ரத்தம் குறைவுதான், ஆனால் இப்போதைக்கு உடம்பு தாங்குகிறது என்றார். நுரையீரல் ஏற்கெனவே நீர் கோத்துக் கிடக்கிறது, ரத்தம் ஏற்றினால் மூச்சு இன்னும் மோசமாகலாம். இதற்குமேல் இறங்கினாலோ இதயம் திணறினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க மாட்டேன் என்றார். இந்த நிலையில் வேறு இடத்துக்கு மாற்றினால் வழியிலேயே என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

என் கணவரின் கையைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே வந்து அண்ணனை அழைத்து, "மாத்தலண்ணே, இங்கனயே இருக்கட்டும்" என்றேன். அப்புறம் ஓவென்று அழுதேன். தப்பாகப் போனால் ஊரே என்னைத்தானே சொல்லும்?

பகல் எது, ராத்திரி எது என்று தெரியாமல் நாட்கள் மிதந்தன. ஒவ்வொரு காலையும் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "அபீ நஹீ" என்பார். இப்போது வேண்டாம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு டீ உள்ளே இறங்கும். மெல்ல மெல்ல அவருக்கு மூச்சு திரும்பியது. குழாயை எடுத்த பிறகு கம்மிய குரலில், "ஏட்டி, பசிக்கு" என்றார். என் சாமி!

வீட்டுக்கு வந்து பார்த்த தம்பியிடம், "ஒங்க ரத்தத்த இவருக்கு ஏத்தவே இல்ல" என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அதுக்கென்ன மதினி, வேற யாருக்காச்சும் ஏறியிருக்கும்லா" என்று சிரித்துவிட்டு உளுந்தவடையைக் கடித்தார்.

ஏதாவது செய்யுங்கள் என்று கத்துவது எனக்குச் சுலபமாக இருந்தது. அவசரப்படாமல், கண்ணையும் எடுக்காமல் இவர் பக்கத்திலேயே நின்ற அந்த டாக்டரம்மாவை நினைத்துக்கொண்டுதான், இன்றைக்கும் இவர் விடும் குறட்டையைத் திட்டாமல் கேட்டபடி படுத்திருக்கிறேன்.